மே மாதத்துப் பிள்ளைகள்

ராயப்பேட்டையில் எனக்கு ஒரு சின்ன டிடிபி அலுவலகம். கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூட கைடு, கும்பாபிஷேக மலர், கவிதைப் புத்தகம் என்று தமிழில் அச்சுக்குப் போகிற எதுவானாலும் தட்டச்சு செய்து, ப்ரூஃப் பார்த்து, பக்கம் கட்டிக் கொடுப்போம். அச்சடிப்பது எங்கள் வேலை இல்லை, அதற்கு ஜானி ஜான் கான் ரோட்டுப் பக்கம் அச்சகங்கள் இருக்கின்றன. வருஷம் முழுக்க நாங்கள் ஐந்து பேர். மே மாதம் மட்டும் ஏழு பேர். கூடுதலாக வருகிற அந்த இரண்டு பேரும் ப்ளஸ் ஒன் முடித்து ப்ளஸ் டூவுக்குப் போகிற பிள்ளைகள். 2017-இல் ஆரம்பித்தது, கொரோனா வருஷங்களைத் தவிர நின்றதில்லை.

போன வாரம் இதே தொழிலில் இருக்கிற ஒருவர் கேட்டார், "ஏம்மா, ஸ்கூல் பசங்களை வேலைக்கு வெச்சா கேஸ் ஆகாதா? அதுவும் சம்பளம் வேற கொடுக்கறியாமே. ஒரு மாசத்துல அவங்க என்ன செஞ்சிடப் போறாங்க, கத்துக்கறதே அவங்களுக்கு லாபம்தானே?" நல்ல மனுஷர், கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் "கத்துக்கறதே லாபம்" என்ற அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1993-இல் எனக்குப் பதினேழு வயது. ப்ளஸ் ஒன் லீவில் அப்பா தனக்குத் தெரிந்த ஓர் அச்சகத்தில் கொண்டுபோய் விட்டார். அப்போது அங்கே ஈய எழுத்துகளைக் கையால் கோத்துக்கொண்டிருந்தார்கள். அந்த எழுத்துப் பெட்டிகளைப் பார்த்ததும் எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும் போலிருந்தது. உட்கார விடவில்லை. காலையில் கடை திறக்கும்போது பெருக்குவது, டீ வாங்கி வருவது, அச்சாகி வந்த தாளை எண்ணி அடுக்குவது, பார்ட்டி வந்தால் ப்ரூஃபை எடுத்துக் கொடுப்பது. காலை ஒன்பதரைக்குப் போனால் இரவு எட்டு மணி. கம்போசிங் செய்கிற அண்ணனிடம் ஏதாவது கேட்டால் முதலாளி அங்கிருந்தே சத்தம் போடுவார். ஐந்து வாரம். கடைசி நாள் கையில் ஒரு டைரியைக் கொடுத்து "நல்லா படிம்மா" என்று அனுப்பினார். பஸ்ஸில் பிரித்துப் பார்த்தேன், போன வருஷத்து டைரி. தொழில் கற்றுக்கொடுத்ததற்கு நாங்கள்தான் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றார் அப்பா. எனக்கு அன்றைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

சரி, முதலில் கேஸ் விஷயம். பயப்பட வேண்டியதற்குப் பயப்படத்தான் வேண்டும். 1986-ஆம் வருஷத்துக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-இல் திருத்தினார்கள். 14 வயது நிரம்பாத பிள்ளையை எந்த வேலையிலும் வைக்க முடியாது. குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவது, சினிமா மாதிரிச் சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. மீறினால் ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம் வரை சிறை, இல்லாவிட்டால் 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். 14 முடிந்து 18 ஆகாதவர்களைச் சட்டம் வளரிளம் பருவத்தினர் என்கிறது. சுரங்கம், வெடிபொருள், தீப்பற்றுகிற பொருள், சட்டம் பட்டியல் போட்டிருக்கிற ஆபத்தான வேலைகள், இவற்றில் அவர்களை வைக்கக் கூடாது. மற்ற இடத்தில் வைக்கலாம், ஆனால் மூன்று மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு, ஓய்வையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம்தான், இரவு 7 மணியிலிருந்து காலை 8 மணி வரை வேலையே கிடையாது, ஓவர்டைம் கிடையாது, வாரத்தில் ஒரு நாள் முழு லீவு. இதோடு பெயர், பிறந்த தேதி, வேலை நேரம், ஓய்வு நேரம் எல்லாம் எழுதி ஒரு பதிவேடு வைக்க வேண்டும்.

எங்கள் நேரம் அப்படியே இதிலிருந்து வந்ததுதான். பத்து முதல் ஒன்று வரை வேலை, ஒன்று முதல் இரண்டு வரை சாப்பாடு, இரண்டு முதல் நான்கு வரை வேலை, நான்கு மணிக்கு சிஸ்டத்தை அணைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். வேலை மீதி இருந்தால் மீதிதான். அச்சகத்துக்கு எங்களோடு வந்து பார்க்கலாம், ஆனால் மெஷின் பக்கமோ கட்டிங் மெஷின் பக்கமோ ஒரு நிமிஷம்கூட நிற்க விடமாட்டேன். அப்பா அம்மா இரண்டு பேரில் ஒருவராவது நேரில் வந்து இடத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும், வகுப்பாசிரியருக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இதெல்லாம் செய்ய ஒரு நாள்கூட ஆகாது.

சம்பளம் மாதம் 7,000 ரூபாய், அவர்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில். பத்து வயதுக்கு மேல் பிள்ளைகள் சேமிப்புக் கணக்கைத் தாங்களே நடத்திக்கொள்ள ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது, பெரும்பாலான பிள்ளைகளுக்கு இதே தெரியவில்லை. ஏன் அப்பாவிடம் கொடுக்கக் கூடாது என்று ஒரு தகப்பனார் கோபித்துக்கொண்டார். வேலை செய்தது யாரோ அவர்கள் கணக்கில்தான் விழும் என்றேன். அந்தப் பையன் அந்தப் பணத்தில் தங்கைக்குப் பள்ளிக்கூடப் பையும் அப்பாவுக்கு ஒரு செருப்பும் வாங்கினான். அப்பா மறுபடி கோபித்துக்கொள்ளவில்லை.

முதல் வாரம் தட்டச்சு. வருகிற பிள்ளைகள் எல்லாருமே போனில் தமிழ் அடிப்பவர்கள், ஆங்கில எழுத்தில் "amma" என்று தட்டினால் அது தமிழாக மாறிவிடும், அதுதான் அவர்களுக்குத் தெரிந்த தமிழ்த் தட்டச்சு. தமிழ்99 விசைப்பலகையில் உட்கார வைத்தால் முதலில் முகம் சுருங்கும். இடது கையில் உயிரெழுத்து, வலது கையில் மெய். அம்மா என்று அடிக்க அ, அப்புறம் ம-வை இரண்டு தடவை தட்ட வேண்டும், இரண்டாவது ம விழுந்த நொடியில் முதல் ம-வின் தலையில் புள்ளி தானாக வந்து உட்காரும், அப்புறம் ஆ. அந்தப் புள்ளி தானாக விழுவதைப் பார்க்கும்போது பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு தடவை சிரிப்பார்கள், இதுவரை சிரிக்காத பிள்ளையை நான் பார்த்ததில்லை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை இது. பத்து நாளில் கை பழகிவிடுகிறது. எங்களுக்கே இன்னும் பழைய கஸ்டமர்கள் யூனிகோடுக்கு முந்திய பாமினி ஃபாண்டில்தான் மேட்டர் அனுப்புகிறார்கள், அதை யூனிகோடுக்கு மாற்றும்போது எங்கெங்கே எழுத்து உடையும் என்று பார்க்கிற வேலையையும் இவர்களிடம் கொடுப்பேன். கண் கூர்மையாக இருக்கிற வயது.

இரண்டாவது வாரத்திலிருந்து ப்ரூஃப். எங்கள் ஆபீசில் ப்ரூஃப் பார்க்கிற ஐயாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. ஒருவர் மூலத்தைச் சத்தமாக வாசிக்க இன்னொருவர் ப்ரூஃபில் கண்ணை ஓட்டுவதுதான் அவருடைய முறை. வாசிக்கிற வேலை பிள்ளைகளுக்கு. தமிழைச் சத்தம் போட்டு வாசித்தே பழக்கமில்லாத பிள்ளைகள் முதல் இரண்டு நாள் முணுமுணுப்பார்கள். "அரைப்புள்ளி வந்தா அரைப்புள்ளின்னு சொல்லு, நிறுத்தினா எனக்கு எப்படித் தெரியும்" என்பார் ஐயா. எல்லாம் வாசித்து முடித்த பிறகு இரண்டாவது சுற்று உண்டு, அதில் எண்ணும் பெயரும் மட்டும். வேறு எதையும் பார்க்கக் கூடாது. தேதி, நேரம், கதவு எண், போன் நம்பர், மாப்பிள்ளை பெயர், மாப்பிள்ளையின் தாத்தா பெயர்.

2025 மே மாதம் புளியந்தோப்பிலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். கத்திரி வெயிலில் இரண்டு பஸ் மாறி வருவாள், பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ் இருக்கிறதால் போக்குவரத்துச் செலவு இல்லை, அது இல்லாவிட்டால் அவள் அம்மா அனுப்பியிருக்க மாட்டார். ஒரு கல்யாணப் பத்திரிகை, அறுநூறு பிரதி, கஸ்டமர் பார்த்து ஓகே சொல்லி அனுப்பிவிட்டார், ஐயா பார்த்துவிட்டார், நானும் பார்த்துவிட்டேன், அச்சடிக்கிற பிளேட் போட அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. மணி மூன்றே முக்கால். அவள் இரண்டாவது சுற்று பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய்ச் சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரில் தாள்களைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். மறுபடி வந்து உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து போனாள். அப்புறம் என்னிடம் வந்து ரொம்பத் தயங்கி, "அக்கா, ஜூன் ஆறு வெள்ளிக்கிழமை சரிதான். ஆனா காலண்டர்ல அன்னைக்கு வைகாசி 23 போட்டிருக்கு. இதுல 22-னு இருக்கு" என்றாள்.

கஸ்டமர் எழுதிக் கொடுத்ததே அப்படித்தான். நாங்கள் மூன்று பேரும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தோம், மூலமே தப்பாக இருக்கும் என்று யாரும் காலண்டரைப் பார்க்கவில்லை. உடனே போன் செய்தேன். முகூர்த்தம் வெள்ளிக்கிழமைதான், பழைய தாள் ஒன்றிலிருந்து எழுதும்போது தமிழ்த் தேதி மாறிவிட்டதாம். வைகாசி 22 என்று அச்சாகியிருந்தால் தமிழ்த் தேதியைப் பார்த்து நாள் குறிக்கிற பெரியவர்கள் வியாழக்கிழமையே மண்டபத்துக்கு வந்து நின்றிருப்பார்கள். மறுநாள் பெண்ணின் பெரியப்பா ஒரு பெட்டி இனிப்போடு வந்து, "அந்தப் பாப்பா எங்கே" என்று கேட்டார். அவர் கையெடுத்துக் கும்பிட்டபோது அவளுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை, தலையைக் குனிந்துகொண்டு கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவள் வாசிக்கிற குரல் மாறியது. பள்ளிக்கூடத்தில் தப்பாக எழுதினால் இவளுக்குத்தான் மார்க் குறையும், இங்கே இவள் கண்ணில் படாமல் போனால் இன்னொருவர் வீட்டுக் கல்யாணத்தில் குழப்பம். பதினாறு வயதில் அது புரிகிற இடத்தை நாம் எத்தனை பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம்?

எல்லா வருஷமும் இப்படி நடக்கவில்லை. 2018-இல் வந்த ஒரு பையன் மூன்று வாரம் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். தப்பு அவனுடையது இல்லை. ஒரு கைடு வேலை அவசரமாக வந்து நாங்கள் எல்லாரும் அதில் விழுந்துவிட்டோம், அவனுக்கு என்ன வேலை, யாரைக் கேட்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அவன் அம்மாவிடம் அதற்கு நேரில் போய் வருத்தம் சொன்னேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு பிள்ளையையும் ஒரே ஒருவர் பொறுப்பில் விடுகிறேன், அவருக்கு அந்த மாதம் சம்பளத்தோடு தனியாக 2,000 ரூபாய். கற்றுக்கொடுப்பதும் வேலைதான், அதற்கு நேரம் போகிறது, அந்த நேரத்துக்குக் காசு கொடுக்காமல் "பார்த்துக்கோங்க" என்று சொன்னால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

இன்னொன்று, பலர் கோடை இன்டர்ன்ஷிப்பையும் அப்ரண்டிஸையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். நான் செய்வது லீவு வேலை. அப்ரண்டிஸ் என்பது 1961-ஆம் வருஷத்துச் சட்டப்படி போடுகிற ஒப்பந்தம், பல மாதங்கள் ஓடுகிற பயிற்சி. அதற்கும் குறைந்தபட்ச வயது 14தான், ஆபத்தான தொழிலென்றால் 18, பிள்ளை மைனர் என்றால் பெற்றோரோ கார்டியனோ கையெழுத்துப் போட வேண்டும். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனம் தன் ஆள் பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். நான்கு பேரிலிருந்து 29 பேர் வரை என்றால் விருப்பம். அதாவது என் மாதிரி ஐந்து பேர் இருக்கிற இடம்கூட எடுக்கலாம். 2019 விதிகள் பத்தாவது முடித்தவர்களுக்கு மாதம் குறைந்தது 6,000, பன்னிரண்டாவது முடித்தவர்களுக்கு 7,000 என்று வைத்தன. என்னுடைய 7,000 அங்கிருந்து எடுத்ததுதான். மத்திய அரசின் அப்ரண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையில் கால் பங்கை, 1,500 ரூபாய் வரை, அரசே ஏற்கிறது. பெரம்பூர் ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பத்தாவது முடித்த பிள்ளைகளையே ஃபிட்டர், வெல்டர், பெயிண்டர், கார்பென்டர் என்று அப்ரண்டிஸாக எடுக்கிறார்கள். வடசென்னையில் எத்தனையோ வீடுகளுக்கு அந்த வாசல் தெரியும். மயிலாப்பூர், மாம்பலம் வீடுகளில் அந்தப் பேச்சே எழாது.

ஜெர்மனியில் பள்ளி முடிக்கிற பிள்ளை வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பள்ளி, மற்ற நாள் கம்பெனியில் சம்பளத்தோடு பயிற்சி என்று இரண்டு மூன்று வருஷம் போகிறது, அதை யாரும் குறைவாகப் பார்ப்பதில்லை. நம் ஊரிலும் 1978-இல் ப்ளஸ் டூ வந்தபோதே தொழிற்பிரிவும் கூடவே வந்தது. ஆபீஸ் மேனேஜ்மென்ட், கணக்குத் தணிக்கை, ஆடை வடிவமைப்பு, மின்சாரம் என்று நல்ல பாடங்கள். ஆனால் "வொக்கேஷனல் குரூப்பா" என்று கேட்கிற தொனியிலேயே அந்தப் பிள்ளையை உட்கார வைத்துவிடுகிறோம். எனக்கு வந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் அந்தக் குரூப்தான். பக்கம் கட்டுவதில் அளவு பார்ப்பது, பதினாறு பக்கம் ஒரு பாரம் என்று கணக்குப் போட்டு மொத்தப் பக்கத்தைச் சரிக்கட்டுவது, இதில் அவர்கள் கை சயின்ஸ் குரூப் பிள்ளைகளுக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

அம்மாக்களின் பயம் வேறு. காசைக் கண்ணில் பார்த்துவிட்டால் படிப்பு போய்விடும் என்பது. இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன், அப்படிப் போன பிள்ளைகளை எங்கள் தெருவிலேயே எனக்குத் தெரியும். லீவில் கூரியர் மூட்டை தூக்கப் போனவன் ஜூனில் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவே இல்லை. அதனால் முதல் நாளிலேயே கடைசி நாளை எழுதிக் கொடுத்துவிடுவேன். பள்ளி திறப்பதற்கு மூன்று நாள் முன்னால் இங்கே வேலை முடியும். நீட்டிப்பு கிடையாது.

2023-இல் வந்த ஒரு பையனிடம்தான் அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தது. ஐஸ் ஹவுஸ் பக்கம் வீடு. அப்பா இல்லை, அம்மா இட்லிக்கடை. கை அப்படி ஒரு கை. மூன்றாவது வாரம் நாற்பது பக்க மலர் ஒன்றைத் தனியாகக் கட்டிவிட்டான், நான் இரண்டு இடத்தில்தான் கரெக்‌ஷன் போட்டேன். கடைசி நாள் வந்து, "அக்கா, ஸ்கூல் போகல, இங்கேயே இருந்துடறேன், மாசம் எட்டாயிரம் கொடுங்க போதும்" என்றான். எனக்கு அப்போது ஆள் தேவை. ஒரு நல்ல ஆபரேட்டர் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் அவன் அம்மா கடைக்குப் போனேன், மூன்று பேரும் பேசினோம். ப்ளஸ் டூ முடிக்கிற வரை இங்கே உனக்கு வேலை கிடையாது, முடித்த அன்றைக்கு வா என்றேன். என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டான். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆறு மாதம் அவன் இந்தப் பக்கம் வரவே இல்லை, தெருவில் பார்த்தால்கூடத் திரும்பிக்கொள்வான்.

ரிசல்ட் வந்த அன்று மத்தியானம் வந்து நின்றான். நான் வேலை தர வேண்டியதில்லை என்று அவனே சொன்னான், தரமணியில் அச்சுத் தொழில்நுட்பத்துக்கென்றே அரசு பாலிடெக்னிக் இருக்கிறதே, அதில் விண்ணப்பம் போடப் போகிறேன், ஃபார்மைக் கொஞ்சம் பார்த்துக் கொடுங்கள் என்று. அது நடந்தது. போன மாதம் வழியில் எட்டிப் பார்க்க வந்தவன், எங்கள் புது மானிட்டரில் சிவப்பு அதிகமாகத் தெரிகிறது, இதை நம்பிப் பத்திரிகைக்குக் கலர் போட்டால் அச்சில் வேறு மாதிரி வரும் என்று சொல்லி, பையைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து சரிசெய்தான். இந்த வருஷம் வந்திருக்கிற இரண்டு பிள்ளைகளும் அவன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிளம்பும்போது ஐந்நூறு ரூபாய் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை, வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.